ஒருமனதா மட்டும் வேணாம், பாப்பா

எலெக்சன்ல நிக்கப் போறேன்னு போன்ல சொன்ன. சந்தோசம். நம்ம வம்சத்துல வாய் செத்தவங்க யாரும் பொறந்ததில்ல. உனக்கு அது ஒரு பிடி தூக்கலாவே வந்திருக்குது. நீ அனுப்பின நோட்டீசை உன் சித்தப்பன் படிச்சுக் காட்டினான். நாமினேசன், ஸ்க்ரூட்டினி, வித்டிராயல், பேனல், மேனிஃபெஸ்டோ, கோடு ஆஃப் காண்டக்ட். காலாப்பட்டுல கடல் காத்து வாங்கிகினு புதுச்சேரி மத்திய பல்கலைக்கழகத்துல எம்.ஏ. படிக்கிற புள்ள, "தாத்தா, இதெல்லாம் இன்னான்னு முழுசாப் புரியல"ன்னு கீழ்பென்னாத்தூர் கெழவன்கிட்ட கேக்குது. உன் படிப்பு மேல எனக்கு இருந்த பயம் அன்னிக்கே போயிடுச்சு. புரியலன்னு சொல்லத் தெரிஞ்சவ பொழச்சிக்குவா.

உங்க காலேஜ் வாத்தியாரு இங்கிலீசுல சொல்றதையெல்லாம் நாங்க பஞ்சாயத்துல தமிழ்ல பண்ணினவங்க. வார்டு மெம்பரா இருந்தவன் சொல்றேன், கேளு. பாதி தமாசா சொல்வேன். எந்தப் பாதின்னு நீயே கண்டுபுடி, அதுக்குத்தானே எம்.ஏ.

முதல்ல லிங்டோ. நோட்டீசுல பத்து எடத்துல அந்தப் பேரு வருது. அது ஏதோ மருந்துன்னு உங்க பாட்டி நெனச்சிகினு இருந்தா. ஜே.எம். லிங்டோன்னு மேகாலயாக்காரர், நாட்டுக்கே தலைமைத் தேர்தல் ஆணையரா இருந்தவர். கேரளாவுல காலேஜ் தேர்தல் சம்பந்தமா கெளம்பின வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயி, அவர் தலைமையில ஒரு கமிட்டி வெச்சாங்க. அந்தக் கமிட்டி எழுதிக் குடுத்ததை 2006 செப்டம்பர் 22ஆம் தேதி கோர்ட்டு ஏத்துக்கிச்சு. அன்னியில இருந்து இந்தியாவுல எந்த காலேஜ்ல ஓட்டுப் பெட்டி வெச்சாலும் அது மேல லிங்டோ உக்காந்திருப்பாரு.

அவர் சொன்னது இன்னா? மொத டிகிரி படிக்கிறவனுக்கு 17ல இருந்து 22 வயசு. மேல்படிப்புக்கு 24, 25. ஆராய்ச்சி பண்றவனுக்கு 28. அதுக்கு மேல போனா நிக்க முடியாது. இந்த மேல்வரம்பைச் சட்டசபைக்கும் வெச்சிருந்தா பாதி நாற்காலிக்குத் தூசி தட்ட ஆள் வேணும். வருகைப் பதிவு 75 சதவீதம் இருக்கணுமாம். அதையும் பாராளுமன்றத்துக்கு யாரும் சொல்லல. அப்புறம் அந்த வருசத்துல அரியர் இருக்கக் கூடாது. இந்த அரியரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பக்கத்துத் தெரு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டருக்கு சம்பளக் கமிசன்ல அரியர் வந்தப்ப தெருவுக்கே லட்டு குடுத்தாரு. உனக்கு வந்தா எலெக்சன்ல நிக்க முடியாது. ஒரே அரியர்தான், எந்தப் பக்கம் பாக்கிங்கறதைப் பொறுத்து இனிக்குது.

இன்னொண்ணு, தலைவர் செயலாளர் மாதிரிப் பதவிக்கு ஒரு மாணவன் ஒரே ஒரு வாட்டிதான் நிக்கலாம். செயற்குழு மெம்பருக்கு ரெண்டு வாட்டி. தோத்தாலும் ஒண்ணுதான், ஜெயிச்சாலும் ஒண்ணுதான். நம்ம ஊருல தோத்தவன் அஞ்சு வருசம் மீசையை முறுக்கிகினு அடுத்த வாட்டி வருவான். உனக்கு அந்த வசதி இல்ல. அதனால எந்தப் பதவிக்கு நிக்கிறதுன்னு இப்பவே யோசி.

நாமினேசன்னா மனு போடுறது. முன்மொழிய ஒருத்தர், வழிமொழிய ஒருத்தர். இங்கதான் புள்ளைங்க அவசரப்பட்டு ரூம்மேட்டைக் கூட்டிகினு போயி கையெழுத்து வாங்கிடுதுங்க. அது போதாது. உன் டிப்பார்ட்மெண்ட்ல இருந்து ஒருத்தி, உன்னைப் பிடிக்காத டிப்பார்ட்மெண்ட்ல இருந்து ஒருத்தன். அவன் கையெழுத்து விழுந்துச்சுன்னா அந்தப் பக்கம் நாலு பேரு, "இவனே போட்டிருக்கான்னா..."ன்னு யோசிப்பாங்க. நான் வார்டுக்கு நின்னப்ப முன்மொழிஞ்சவன் எனக்கு வரப்புத் தகராறுக்காரன். அவனைக் கூட்டிகினு வர்றதுக்கு நான் ஒரு முழம் வரப்பை விட்டுக் குடுத்தேன். பாட்டி இன்னைக்கும் அந்த ஒரு முழத்தைச் சொல்லிக் காட்டுவா.

ஸ்க்ரூட்டினின்னா பரிசீலனை. மனுவைத் தூக்கி வெளிச்சத்துல பாத்து, கையெழுத்து சரியா, தேதி சரியா, அட்டெண்டன்ஸ் சரியான்னு பாக்குறது. இங்க நீ செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. மனுவைக் கடைசி நாள் சாயங்காலம் கொண்டு போகாத. மொத நாள் போனா தப்பைச் சொல்லித் திருத்தச் சொல்வாங்க. கடைசி நாள் போனா தப்பைச் சொல்லி நிராகரிப்பாங்க.

வித்டிராயல், வாபஸ். பகல்ல வாங்குற வாபஸ் கொஞ்சம், ராத்திரியில பேசி முடிக்கிற வாபஸ்தான் அதிகம். "அக்கா, நீங்க இந்த வருசம் விட்டுக் குடுங்க, அடுத்த வருசம் உங்களுக்குத்தான்"னு ஒருத்தன் டீ வாங்கிக் குடுத்துகினு வருவான். எம்.ஏ. ரெண்டே வருசம். அடுத்த வருசம் நீ எங்க, அவன் எங்க? அந்த டீயைக் குடி, வாபஸ் மட்டும் வாங்காத.

பேனல்னா இன்னான்னு கேட்ட. கார்த்திகை தீபத்துக்கு ஏழாம் நாள் நம்ம திருவண்ணாமலை மாட வீதியில தேர் பாத்திருக்க இல்ல? பஞ்சமூர்த்தி தேரு ஒண்ணு பின்னால ஒண்ணாப் போவும். முன்னால பிள்ளையார், அப்புறம் முருகன், நடுவுல அண்ணாமலையார் பெரிய தேரு, பின்னால பொம்பளைங்க வடம் புடிக்கிற அம்மன் தேரு, கடைசியில பொடிப்பசங்க இழுக்குற சண்டிகேசுவரர் தேரு. பேனலும் அப்படித்தான். ஜனம் கண்ணு பெரிய தேர் மேலயே இருக்கும். பின்னால வர்ற இணைச் செயலாளர் தானா உருண்டு வந்துடுவாரு. ஆனா ஒண்ணு. பெரிய தேரு முக்குல திரும்பாம நின்னுச்சுன்னா பின்னால இருக்கிற சின்ன தேரும் மணிக்கணக்கா வெயில்ல நிக்கணும். யாரு பேனல்ல சேர்றேங்கறதுக்கு முன்னால, தலைவருக்கு நிக்கிறவனுக்கு முக்கு திருப்பத் தெரியுமான்னு பாரு.

பேனல்ல சேராதவங்களுக்கு சுயேச்சைன்னு பேரு. நல்ல சொல்லு. காலேஜ்ல நிக்கிற சுயேச்சைங்கள்ல பாதிப்பேரு நெசமாவே சுயேச்சை. மீதிப்பேருகிட்ட அட்டை வாங்கின காசு, ஆட்டோவுக்குக் குடுத்த காசு, ராத்திரி பரோட்டாவுக்குக் குடுத்த காசு எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா திருதிருன்னு முழிப்பாங்க. அரசியல் கட்சிக் காசு மாணவர் தேர்தல்ல வரக் கூடாதுன்னு லிங்டோ தெளிவா எழுதி வெச்சிருக்காரு. அவர் எழுதினது எழுதினபடி இருக்குது. காசும் வந்தபடி இருக்குது.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்ததுக்கு வரேன். நோட்டீசுல இருக்கிற சொல்லெல்லாம் பரவாயில்ல. நோட்டீசுல இல்லாத ஒரு சொல்லு இருக்குது, அதுக்குத்தான் நீ பயப்படணும். "ஒருமனதா."

"ஒருமனதாத் தேர்ந்தெடுக்கப்பட்டார்"னு படிக்கும்போது எவ்வளவு அழகா இருக்குது! சண்டை இல்ல, செலவு இல்ல, ஊரே ஒண்ணா கை தூக்கின மாதிரி. நம்ம பக்கத்து ஊருங்கள்ல அதுக்கு இன்னா அர்த்தம் தெரியுமா? கோயில் திண்ணையில நாலு பெரிய மனுசன் உக்காந்து பஞ்சாயத்துத் தலைவர் பதவியை ஏலம் விட்டு முடிச்சாச்சுன்னு அர்த்தம். "கோயிலுக்குக் கும்பாபிசேகம் பண்ணித் தர்றேன், இவ்வளவு லட்சம்"னு ஒருத்தன் ஏத்துவான், இன்னொருத்தன் மேல ஏத்துவான், கடைசியா எவன் நின்னானோ அவன் மட்டும் மனு போடுவான். ஒவ்வொரு உள்ளாட்சித் தேர்தலுக்கும் மாநிலத் தேர்தல் ஆணையம் "ஏலம் விடாதீங்க"ன்னு அறிக்கை விடுது. ஜனம் படிச்சிட்டு, ஏலத்தைக் கதவைச் சாத்திகினு விடுது.

மதுரைப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டின்னு கேள்விப்பட்டிருப்ப. 1996ல தலைவர் பதவியைத் தலித்துகளுக்கு ஒதுக்கினாங்க. பத்து வருசம் அங்க ஒழுங்கா ஒரு தேர்தல் நடக்க விடல. மனு போட ஆளு வராது, வந்தா மிரட்டல். தப்பித் தவறி ஒருத்தர் ஜெயிச்சாலும் பதவி ஏத்த கையோட ராஜினாமா எழுதி வாங்கிடுவாங்க. அங்கயும் வெளியில இருந்து பாத்தா ஊரே ஒத்துமையாத்தான் இருந்துச்சு. கடைசியா 2006 அக்டோபர்லதான் ஒழுங்கா ஓட்டுப் போட்டு ஒரு தலைவர் வந்து நாற்காலியில உக்கார முடிஞ்சது. லிங்டோ உத்தரவு வந்தது அதுக்கு முந்தின மாசம். ஒரு பக்கம் காலேஜ் புள்ளைங்களுக்கு எப்படி ஓட்டுப் போடணும்னு தில்லியில பாடம் எழுதிகினு இருந்தாங்க, இன்னொரு பக்கம் ஊராங்க அப்பத்தான் மொத எழுத்துப் படிக்க ஆரம்பிச்சாங்க.

காலேஜ்ல இந்த ஒருமனதாவுக்கு வேற ஒரு வேசம். "நியமனம்"னு பேரு. நம்ம தமிழ்நாட்டுல பெரும்பாலான காலேஜ்ல இப்ப ஓட்டே கெடையாது. பிரின்சிபால் ரூம்ல ஏசியைப் போட்டுகினு உக்காந்து, யாரு மார்க்கு நல்லா வாங்குறா, யாரு எதுத்துப் பேசலன்னு பாத்து, "நீதான் சேர்மன், நீதான் செக்ரட்டரி"ன்னு எழுதிடுவாங்க. உன் மாமன் பொண்ணு இருக்காளே, அவ படிச்ச காலேஜ்ல இவதான் மாணவர் பேரவைத் துணைத் தலைவர்னு நோட்டீஸ் போர்டுல பாத்துத்தான் இவளுக்கே தெரிஞ்சது. பதவி ஏற்பு விழாவுல மாலை போட்டாங்க, உறுதிமொழி எடுக்க வெச்சாங்க, போட்டோ புடிச்சாங்க. வருசம் பூரா அவ பண்ணின வேலை, விழாவுக்கு வர்ற சிறப்பு விருந்தினருக்கு சால்வை எடுத்துக் குடுத்தது. நல்லாத்தான் எடுத்துக் குடுத்திருக்கா, கொறை சொல்லல.

லிங்டோ கமிட்டியே இந்த நியமனத்தைச் சும்மா தற்காலிக ஏற்பாடா மட்டும் வெச்சிக்கலாம்னு சொல்லிச்சு. கலவரமான எடத்துல கொஞ்ச நாளைக்கு வெச்சிட்டு, அப்புறம் தேர்தலுக்கு வந்துடணும். ஆனா நம்ம நாட்டுல தற்காலிகம்னு எழுதி ஒட்டினது எது கழண்டிருக்குது? தேர்தல் வெச்சா ரவுடித்தனம் வரும்னு சொல்றாங்க. உஜ்ஜயினியில 2006 ஆகஸ்ட்டுல காலேஜ் தேர்தல் தகராறுல சபர்வால்னு ஒரு பேராசிரியரை அடிச்சு, அவர் செத்தே போனாரு. அது நெசம், இல்லன்னு சொல்ல முடியாது.

ஆனா தேர்தல் இல்லாத எடத்துல இன்னா வந்துச்சுன்னு சென்னையில போயிப் பாரு. "ரூட்டு தல"ன்னு ஒரு பதவி. எந்த நோட்டீசுலயும் இல்ல, மனு இல்ல, பரிசீலனை இல்ல, வாபஸ் இல்ல. ஒரு பஸ் ரூட்டுல வர்ற பசங்களுக்கெல்லாம் ஒருத்தன் தலை. அவன் சொன்னா ஜன்னல் கம்பியில தொங்கணும், பாட்டுப் பாடணும், பஸ் டேன்னு பஸ்ஸுக்கு விழா எடுத்துக் கூரை மேல ஏறணும். ஒரு காலேஜ் ரூட்டுக்கும் இன்னொரு காலேஜ் ரூட்டுக்கும் பகை. பஸ் டே கூடாதுன்னு ஐகோர்ட்டே தடை போட்டுச்சு. 2019 ஜூலையில அரும்பாக்கத்துல பட்டப்பகல்ல பசங்க பட்டாக்கத்தியோட பஸ்ஸுல ஏறி வெட்டிக்கிட்டாங்க. போலீசு ரூட்டு தலைங்களைக் கூப்பிட்டு எழுதி வாங்கிச்சு. பாரு, ஓட்டுப் போட்டு ஒரு தலைவனை வெச்சிக்க வேணாம்னாங்க; பசங்க ஓட்டே போடாம ரூட்டுக்கு ஒரு தலைன்னு வெச்சிகினாங்க. அந்தத் தலையை எறக்க எந்தத் தேர்தலும் இல்ல. அடுத்த தலை மொளைக்கணும், இல்ல அவன் டிகிரி முடிக்கணும். ரெண்டாவது ரொம்ப லேட்டாகும்.

அதனால சொல்றேன். யாராவது வந்து, "உன்னை எதுத்து யாரும் நிக்கல, ஒருமனதா வந்துடலாம்"னு சொன்னா சந்தோசப்படாத. எதுக்க ஒருத்தியையாவது நிக்க வெச்சிடு. வேணும்னா அவளுக்கு மனு எழுத நீயே உதவி பண்ணு. அவ உன்னைத் திட்டிப் பேசினா உனக்கு நாலு பாயிண்ட் கெடைக்கும். பதில் சொல்லப் போயி நாலு ரூம் கதவைத் தட்டுவ. தில்லியில ஜே.என்.யூ.வுல ஓட்டுக்கு முன்னால ஒரு ராத்திரி தலைவருக்கு நிக்கிறவங்களையெல்லாம் மேடையில ஏத்தி வாதம் பண்ண விடுவாங்க. கீழ இருந்து கேள்வி வரும், கூச்சல் வரும், விடிய விடிய நடக்கும். அங்க தேர்தலை நடத்துறதும் மாணவருங்களே அமைச்ச கமிசன்தான். அப்படி வளந்து வந்தவர்தான் சீதாராம் யெச்சூரி, நம்ம சென்னையில பொறந்தவரு. 1977ல தேர்தல்ல தோத்துட்டும் இந்திரா காந்தி அந்தப் பல்கலைக்கழக வேந்தரா இருந்தாங்க. மாணவருங்க கூட்டமா வீட்டு வாசலுக்குப் போயி நிக்க, அந்த அம்மாவைப் பக்கத்துலயே நிக்க வெச்சு, "நீங்க விலகணும்"னு கோரிக்கையைக் காகிதத்துல இருந்து படிச்சாரு. அந்தப் போட்டோ இன்னும் இருக்குது. அவரு நியமனத்துல வந்திருந்தா அந்த அம்மாவுக்கு சால்வை போத்திட்டு வந்திருப்பாரு.

சரி, செலவு. ஒரு வேட்பாளருக்கு 5,000 ரூபாய்தான் உச்சவரம்பு. சிரிக்காத. ஹாஸ்டல்ல ரெண்டு மாடிக்கு பிரியாணி போட்டாலே காலியாயிடும், அதனால பிரியாணி போடாத. அச்சடிச்ச போஸ்டர் கூடாது, அச்சடிச்ச நோட்டீசும் கூடாது. கையால எழுதின போஸ்டர்தான், அதுவும் அவுங்க சொன்ன எடத்துல மட்டும் ஒட்டணும். மைக் கூடாது, வண்டி கூடாது, பிராணிகளும் கூடாது. உங்க பாட்டி, "ஆனை மேல வரலாம்னு பாத்தேனே"ங்கறா. மனு போட்டதுல இருந்து முடிவு வர்ற வரைக்கும் மொத்தமே பத்து நாள். முடிவு வந்து ரெண்டு வாரத்துக்குள்ள கணக்கைத் தணிக்கை பண்ணிக் குடுக்கணும். குடுக்கலன்னா தேர்தலே ரத்தாயிடலாம்.

இந்தப் போஸ்டர் விசயத்துல தில்லி யூனிவர்சிட்டிப் பசங்களைப் பாத்துக் கத்துக்காத. 2024 செப்டம்பர் 27ல ஓட்டுப் போட்டாங்க. ஊரு சுவரெல்லாம் போஸ்டர், மெட்ரோ தூணெல்லாம் பெயிண்ட்டு. தில்லி ஐகோர்ட்டு பாத்துச்சு. "மொதல்ல சுவரைச் சுத்தம் பண்ணு, அப்புறம் ஓட்டை எண்ணிக்கலாம்"னு சொல்லிடுச்சு. நவம்பர் 25 வரைக்கும் பெட்டி பூட்டியே கெடந்துச்சு. ரெண்டு மாசம்! ஓட்டுக் கேட்ட பசங்க கையில பிரஷ்சும் வாளியுமா சுவருக்கு வெள்ளையடிக்கிற காட்சியை நெனச்சுப் பாரு. அங்க இன்னொரு சாமர்த்தியம் உண்டு: போஸ்டர்ல பேரை வேணும்னே ஒரு எழுத்து மாத்திப் போடுவாங்க. கேட்டா, "இது நான் இல்ல சார், ஸ்பெல்லிங் பாருங்க"ம்பான். ஓட்டு மட்டும் சரியான ஸ்பெல்லிங்குக்குப் போயிடும். அந்தப் புத்தியைப் பரீட்சையில காட்டினா ரேங்க் வாங்கலாம்.

கணக்குன்னு சொன்னதும் எனக்கு உத்திரமேரூர் ஞாபகம் வருது. வந்தவாசி தாண்டினா எட்டிப் பிடிக்கிற தூரம். அங்க வைகுண்டப் பெருமாள் கோயில் கல்லுல பராந்தகச் சோழன் காலத்து விதியெல்லாம் வெட்டி வெச்சிருக்குது. 919லயும் 921லயும் வெட்டினது. முப்பது குடும்பு, அதாவது முப்பது வார்டு. பேரை ஓலையில எழுதிக் குடத்துல போட்டு, ஒண்ணும் அறியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்க வெப்பாங்க. குடவோலை. வயசு 35க்கு மேல 70க்குள்ள. முன்னால மூணு வருசத்துல வாரியத்துல இருந்தவன் வரக் கூடாது. இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் வரக் கூடாது. அவன் மட்டுமில்ல, அவன் உறவுக்காரனும் வரக் கூடாது, எந்தெந்த உறவுன்னு சித்தி மகன் வரைக்கும் பட்டியல் போட்டிருக்காங்க. லிங்டோவுக்கு ஆயிரத்து சொச்சம் வருசம் முன்னால எழுதினது இது. மறுபடி வர்றதுக்குக் கட்டுப்பாடு, வயசு, கணக்கு, மூணும் இருக்குது.

ரொம்பப் பெருமைப்பட்டுக்காத. சொந்த நெலம் இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும், வேதம் படிச்சிருக்கணும்னும் அதுலயே வெட்டியிருக்குது. அந்தக் குடத்துல உன் ஓலையும் விழுந்திருக்காது, என் ஓலையும் விழுந்திருக்காது. ஆனா ஒரு விசயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். குடத்தை எடுக்குற பெரியவரு எல்லாருக்கும் தெரியற மாதிரி உயரத் தூக்கிக் காட்டணும். பையன் எடுத்துக் குடுக்குற ஓலையை வாங்குறவரு அஞ்சு விரலையும் அகல விரிச்சு, உள்ளங்கையில வாங்கணும். ஏன்? விரலை மடக்கினா உள்ள வேற ஓலை இருக்கலாம் இல்ல? அந்தக் காலத்துலயே ஆளுங்களைப் புரிஞ்சிதான் வெச்சிருக்காங்க.

ஓட்டு எண்ணும்போது இதைத்தான் நீ செய்யணும். கவுண்டிங் ஏஜெண்ட்டுன்னு ஒருத்தியை அனுப்புவ இல்ல, பேச்சுத் தொணைக்கு நல்லா இருக்கிறவளை அனுப்பாத. சந்தேகப் புத்திக்காரி எவளாவது இருப்பா, எப்பவும் மெஸ் பில்லை ரெண்டு வாட்டிக் கூட்டிப் பாக்குறவ, அவளை அனுப்பு. மேசையை விட்டு நவுரக் கூடாது. சீட்டை எடுக்குறவர் மொகத்தைப் பாக்க வேணாம், விரலைப் பாக்கணும். தயிர்ச் சோறு கட்டிக் குடுத்து அனுப்பு. பசியில எழுந்து போனவங்களாலதான் நெறைய பேரு தோத்திருக்காங்க.

நோட்டான்னு ஒண்ணு வேற இருக்கும். 2013ல உச்ச நீதிமன்றம் சொல்லி நாட்டுத் தேர்தல்லயே வந்துடுச்சு, காலேஜுக்கும் பரவிடுச்சு. "எனக்கு யாரையும் பிடிக்கல"ங்கறதுக்கு ஒரு ஓட்டு. அந்த எண்ணிக்கை அதிகமா வந்தா எதிரியைத் திட்டாத. உங்க ரெண்டு பேரையும் பாத்துட்டு ஒருத்தன் மெனக்கெட்டு வரிசையில நின்னு வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்கான். அவனைத் தேடிப் புடிச்சு டீ வாங்கிக் குடு. மேனிஃபெஸ்டோவுல எழுதியிருக்க வேண்டியதை அவன்தான் சரியாச் சொல்வான். மேனிஃபெஸ்டோன்னதும், அதுல உலக சமாதானமெல்லாம் எழுதாத. மெஸ் சாம்பார், லைப்ரரி எத்தினி மணி வரைக்கும், பொம்பளைப் புள்ளைங்க ஹாஸ்டலை எப்ப பூட்டுறாங்க, ஸ்காலர்ஷிப் பணம் ஏன் லேட்டு, இந்த நாலு போதும். நாலுமே கஷ்டம்தான், பண்ணிப் பாரு.

ஜெயிச்சா தலைகால் புரியாம ஆடாத, தோத்தா ரூமைப் பூட்டிகினு அழுவாத. எனக்குத் தெரிஞ்ச பெரிய காலேஜ் தேர்தல் காலேஜ்ல நடக்கல. 1965ல இந்தி எதிர்ப்புல தெருவுக்கு வந்தாங்களே மாணவருங்க, நான் அப்ப ஒம்பதாவது படிச்சிகினு இருந்தேன். சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ராசேந்திரனை போலீசு சுட்டுக் கொன்ன சேதி வந்தப்ப எங்க ஸ்கூலே பொலபொலன்னு வெளிய வந்துடுச்சு. அந்த மாணவர் தலைவருங்கள்ல ஒருத்தரு பெ. சீனிவாசன். ரெண்டு வருசம் கழிச்சு, 1967ல, விருதுநகர்ல காமராசரை எதுத்து நின்னாரு. காமராசரை! பாத்தவங்க சிரிச்சாங்க. 1,285 ஓட்டுல சீனிவாசன் ஜெயிச்சாரு. எங்கப்பா காமராசர் கட்சி, ரெண்டு நாள் சாப்பிடல. நானு வெளியில அழுத மாதிரி இருந்துகினு, உள்ளுக்குள்ள அந்த 1,285ஐக் கூட்டிக் கழிச்சிகினு இருந்தேன். அவ்வளவு பெரிய மனுசனையே நேருக்கு நேரா எதுத்து நின்னு கேக்கலாம்னா, உங்க டிப்பார்ட்மெண்ட் சீனியர் எம்மாத்திரம்? காமராசரும் சும்மா கெடக்கல, 1969ல நாகர்கோயில்ல நின்னு ஜெயிச்சு பாராளுமன்றத்துக்குப் போனாரு. எதுத்து நின்னவரையும் நம்மாலதான் பாராட்ட முடியும், தோத்தவரையும் நம்மாலதான் பாராட்ட முடியும். ஒருமனதாவுல ரெண்டுக்கும் வழி இல்ல.

கடைசியா ஒரு சிக்கல். உன் சித்தப்பன் நோட்டீசோட கடைசிப் பக்கத்தைப் படிச்சான். அந்த காலேஜ் ரெஜிஸ்டர்ல பேரு இல்லாத ஆளு எவனும் எந்த வகையிலயும் தேர்தல் வேலையில கலந்துக்கக் கூடாதுன்னு போட்டிருக்குது. செலவுக்கும் மாணவருங்களா மனசாரக் குடுக்குற காசைத் தவிர வேற காசு கூடாதாம். உனக்கு அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கன்னு நான் எடுத்து வெச்சிருந்த ஐநூறு ரூபாயை உங்க பாட்டி, "சட்டம் சட்டம்தான்"னு சொல்லி மடியில முடிஞ்சிகினா. அவளுக்கு லிங்டோவை ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

அப்ப நான் இவ்வளவு நேரம் சொன்னதும் குத்தம்தான். உங்க எலெக்சன் கமிட்டி கூப்பிட்டு, "ஊருல இருந்து தாத்தா இன்னா பேசினாரு?"ன்னு கேட்டா, மாடு கன்னு போட்ட சேதி சொன்னாருன்னு சொல்லிடு. பொய் சொன்னதாவும் ஆவாது. நேத்து ராத்திரிதான் போட்டுச்சு, கெடேரி.